நம்மவர் திரைப்படமும் நம் கல்விப் பணியும்

(வெள்ளி விழாவையொட்டித் தில்லை நகரில் நடைபெற்ற திரைப்பட விழாவின் தொடக்கவுரை)

 

ஒரு கல்விச் சங்கம் 25 ஆண்டுகள் நிலைத்து நிற்பது எளிய செயலன்று. அதிலும் நாள்கூலியிலிருந்து மிச்சம் பிடித்த காசைச் சந்தாவாகக் கொடுத்து நம் மக்களே நடத்தும் சங்கம் நிலைத்து நிற்பது அரிதினும் அரிது. அந்தப் பெருமை நம் தாய்மார்களையும் தந்தைமார்களையும் சேரும்.

வெள்ளி விழா நிகழ்ச்சிகளைத் திட்டமிட்டபோது பரிசளிப்பு, பேச்சுப் போட்டி, நூலகத்திற்கு நூல் சேர்த்தல் ஆகியவற்றை எவரும் மறுத்துரைக்கவில்லை. திரைப்பட விழா என்றவுடன் மட்டும் மூத்தோர் சிலர் தயங்கினர். “பிள்ளைகளின் படிப்பைக் கெடுப்பதே சினிமாதான், கட்அவுட்டுக்குப் பால் ஊற்றி வீணாய்ப் போன இளைஞர்கள் போதாதா? கல்விச் சங்கமே அதற்கு மேடை போடலாமா?” என்று கேட்டனர். இக்கேள்வியை நாம் ஒதுக்கிவிடக் கூடாது. பிள்ளைகள்மீது கொண்ட அக்கறையிலிருந்து பிறந்த கேள்வி அது. ஆகவே அதற்கு விடை கூறுவதையே இன்றைய உரையின் நோக்கமாகக் கொள்கிறோம்.

திருச்சியும் திரைப்படமும்

முதலில், நாம் கூடியிருக்கும் இம்மாநகருக்கும் திரைப்படத்திற்கும் உள்ள உறவை எண்ணிப் பார்ப்போம். 1905ஆம் ஆண்டு. தென்னிந்திய இரயில்வேயின் திருச்சி அலுவலகத்தில் வரைவாளராகப் பணியாற்றி வந்தார் சாமிக்கண்ணு வின்சென்ட் என்னும் இளைஞர். ஊர் ஊராகச் சலனப்படம் காட்டி வந்த துய்போன் என்ற பிரெஞ்சுக்காரர் இங்கு வந்து, உடல்நலம் குன்றித் தாயகம் திரும்ப விரும்பினார். அவரிடமிருந்து படக்கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார் வின்சென்ட். இயேசுநாதரின் வாழ்க்கையைக் காட்டும் படமும் அவற்றுள் ஒன்று. வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். பின்னர் 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை அவர் கட்டினார். ஆகவே தென்னாட்டு மக்களைத் தேடிச் சென்ற சினிமாக் கூடாரம் புறப்பட்ட ஊர் நம் ஊரே எனலாம்.

அந்தக் கூடாரம் நம் மக்களுக்கு என்ன செய்தது? ஈழத்துப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981இல் வெளியான தம் நூலில் ஓர் அரிய உண்மையைச் சுட்டிக் காட்டினார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கலை நிகழ்ச்சி கண்ட முதல் இடம் திரையரங்கமே என்பது அவர் கருத்து. கோயில் மண்டபத்துக் கச்சேரியில் நமக்கு இடமில்லை. தெருக்கூத்தில் ஊர் ஓரிடத்தில் இருந்தது, சேரி வேறோரிடத்தில் நின்றது. கொட்டகையில் மட்டும் எவன் எங்கே அமர்வது என்பதைச் சாதி தீர்மானிக்கவில்லை. கையிலிருந்த சில்லறை தீர்மானித்தது. தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், நாற்காலி டிக்கெட் என்று அங்கும் ஏற்றத்தாழ்வு இருந்தது. எனினும் காசு சேர்த்தால் தரையிலிருந்து பெஞ்சுக்கு ஏறலாம். பிறவி அடிப்படையிலான ஏற்றத்தாழ்வில் அப்படி ஏற வழியில்லை. நம் பாட்டன்மார் மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து படம் பார்த்ததில் பொழுதுபோக்கு மட்டும் இருந்ததென நாம் கருதவில்லை. பிறர் தோளோடு தோள் உரச அமரும் உரிமையை அவர்கள் அங்கே முதன்முறையாகச் சுவைத்தனர்.

திரையில் நாம் யார்?

கொட்டகையில் இடம் கிடைத்தது. திரையில் கிடைத்ததா என்பது அடுத்த கேள்வி.

நாம் கூடியிருக்கும் இப்பகுதிக்குத் தில்லை நகர் என்று பெயர். தில்லை என்றதும் நம் நினைவிற்கு வருபவர் நந்தனார். அவர் கதையைத் தமிழ்த் திரையுலகம் பன்முறை படமாக்கியது. 1935இல் வெளியான ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக நடித்தவர் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் அம்மையார். அப்படத்திற்காக அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய் என்பது அந்நாளில் நாடெங்கும் வியந்து பேசப்பட்டது. 1942இல் தண்டபாணி தேசிகர் நடித்த ‘நந்தனார்’ ஜெமினி நிறுவனத்தின் வழியே வந்தது. இரண்டும் இசையால் புகழ் பெற்றவை. அக்கலைஞர்களின் திறமையை நாம் குறைத்துக் கூறவில்லை.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய கதையில், நாற்பது வேலி நிலத்தையும் ஒரே இரவில் பயிரேற்றி அறுத்து முடித்தால் தில்லைக்குப் போகலாம் என்கிறார் வேதியர். தெய்வம் அவ்வேலையை முடித்துக் கொடுக்கிறது. கதை கேட்பவர் கண்ணீர் விடுகின்றனர். தலைமுறை தலைமுறையாக அந்த நாற்பது வேலியையும் உழுது, நட்டு, களையெடுத்து, அறுத்த கைகள் யாருடையவை, அவற்றிற்குக் கிடைத்த கூலி எவ்வளவு என்று எவரும் கேட்கவில்லை. திரையில் காட்டப்பட்ட சேரி மனிதன் கைகூப்பி நின்றான், ஏங்கினான், நெருப்பில் மறைந்தான். தன் வாயால் கணக்குக் கேட்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதரோ நந்தனை ஓர் அரசனாகக் கண்டு எழுதினார். ஒரே பெயர் ஒருவர் கையில் அடிமையாகிறது, மற்றொருவர் கையில் அரசனாகிறது. கதையைச் சொல்பவர் யார் என்பதைப் பொறுத்துக் கதையே மாறிவிடுகிறது.

நம்மவர் ஒருவர் திரையில் தோன்றியபோது நேர்ந்ததையும் அறிந்துகொள்ள வேண்டும். மலையாளத்தின் முதல் திரைப்படமான ‘விகதகுமாரன்’ 1920களின் இறுதியில் எடுக்கப்பட்டது. அதை எடுத்தவர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள அகஸ்தீசுவரத்தைச் சேர்ந்த ஜே.சி. டேனியல். அதன் நாயகி பி.கே. ரோசி. புலையர் குலத்தில் பிறந்த அப்பெண் நாயர் குலப் பெண்ணாக நடித்தார். திருவனந்தபுரம் கேப்பிட்டல் கொட்டகையில் படம் திரையிடப்பட்டபோது ஆதிக்கச் சாதியினர் கொதித்தெழுந்தனர். திரைமீது கல் விழுந்தது. ரோசி ஊரை விட்டே துரத்தப்பட்டார். தமிழ்நாட்டை நோக்கிச் சென்ற லாரியொன்றில் ஏறித் தப்பி, வேறு பெயருடன் எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார். படத்தை எடுத்த டேனியலின் பெயரால் கேரள அரசு 1992 முதல் உயரிய விருது வழங்கி வருகிறது. நாயகியின் பெயரோ நெடுங்காலம் எவர் நாவிலும் இல்லை. அவர் நடித்த படத்தின் சுருள் கூட இன்று இல்லை.

ஆகவே நம் பிள்ளைகளைச் சினிமா கெடுக்கிறது என்று சொல்லும்போது, எந்தச் சினிமா, யார் எடுத்த சினிமா என்று சேர்த்துக் கேட்க வேண்டும். நூறாண்டுக் காலம் நாம் பார்ப்போராக மட்டும் இருந்தோம். பார்ப்பதற்கு நம்மிடம் காசு வாங்கினர். காட்டுவதற்கு நம்மை அழைக்கவில்லை.

அச்சகம் முதல் கேமரா வரை

நம் முன்னோர் பார்வையாளராக மட்டும் இருந்துவிடவில்லை என்பதற்கு வரலாறு உண்டு. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். இழிவாகக் கூறப்பட்ட பெயரையே தலைப்பாக நிறுத்தினார். 1907இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். 1920இல் அண்ணல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். ஊமைகளின் தலைவன் என்பது அப்பெயரின் பொருள். பிறர் நம்மைப் பற்றி எழுதுவதை நாமே எழுதிக்கொள்ள வேண்டும் என்பதை அவர்கள் கல்விப் பணியின் ஒரு பகுதியாகவே கண்டனர். அன்று அவர்கள் கையில் எடுத்தது அச்சகம். இன்று நம் இளைஞர் கையில் எடுப்பது கேமரா.

கடல் கடந்தும் இதுவே நடந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களை விலங்கினும் கீழாகக் காட்டிய ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ என்னும் படம் 1915இல் வந்தது. அதைக் கண்டு புலம்பியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. ஆஸ்கர் மிஷோ என்ற கறுப்பின எழுத்தாளர், தம் நாவல்களை வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றவர், சிறு சிறு பங்குகளாகப் பணம் திரட்டி 1919 முதல் தாமே படம் எடுக்கத் தொடங்கினார். ஆப்பிரிக்கக் கண்டத்தின் இயக்குநர்களுக்கென 1969இல் வாகாடூகூ நகரில் ஒரு திரைப்பட விழா தோன்றியது. அது இன்றுவரை நடைபெற்று வருகிறது.

நம் நாட்டில் இந்த நூற்றாண்டில் அந்த வாயில் திறந்தது. மராட்டியத்தில் நாக்ராஜ் மஞ்சுளே 2013இல் ‘ஃபன்றி’ என்னும் படத்தைத் தந்தார். பன்றி பிடிக்க ஓடும் ஒரு குடும்பம், பள்ளியில் தேசிய கீதம் ஒலித்தவுடன் அசையாமல் நிற்கிறது. பன்றி தப்பி ஓடுகிறது. பிடித்த பன்றியைச் சுமந்து செல்லும்போது பள்ளிச் சுவரில் அம்பேத்கர், பூலே ஆகியோரின் ஓவியங்கள் பின்னால் நகர்கின்றன. ஒரு சொல்லும் பேசப்படவில்லை. ஆனால் ஒரு நூல் சொல்ல வேண்டியதை அக்காட்சி சொல்லிவிடுகிறது.

தமிழில் பா. இரஞ்சித் 2012இல் ‘அட்டகத்தி’யோடு வந்தார். 2018இல் அவருடைய நீலம் நிறுவனத்தின் வழியே மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ வந்தது. திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் ஆங்கிலம் புரியாமல் தலைகுனிந்து நிற்கும் மாணவனை அதில் கண்டபோது, நம் பிள்ளைகள் எத்தனை பேர் தங்களையே கண்டனர்! குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவனின் அச்சத்தைத் தமிழ்த் திரை அதற்கு முன் அவ்வளவு நெருங்கிக் கண்டதில்லை. அம்மாணவனின் தந்தையாக நடித்தவர் நெல்லை தங்கராசு என்னும் நாட்டுப்புறக் கலைஞர். வாழ்நாள் முழுவதும் திருவிழாக்களில் ஆடிய அவரைத் திரையுலகம் முதுமையிலேதான் கண்டுகொண்டது.

2022இல் வெளிவந்த ‘சேத்துமான்’ படத்தை இயக்கியவர் தமிழ். பேரனை எப்படியும் படிக்க வைத்துவிட வேண்டுமென்று உழைக்கும் ஒரு பாட்டனின் கதை அது. நம் சங்கத்தில் சந்தா கட்டும் எந்தப் பாட்டனாரும் அதைத் தம் கதையென்றே கூறுவார்.

நம் மாவட்டத்தோடு தொடர்புடைய இரண்டு படங்களைத் தனியே குறிப்பிட வேண்டும். பிராங்க்ளின் ஜேக்கப் இயக்கிய ‘ரைட்டர்’ 2021இல் வெளிவந்தது. திருச்சியைக் களமாகக் கொண்ட அப்படம், ஒரு காவல் நிலையத்தில் எழுத்தராக இருக்கும் எளிய மனிதரையும், ஆய்வு செய்ய வந்து வழக்கில் சிக்கவைக்கப்படும் ஒரு மாணவனையும் காட்டுகிறது. ஓர் எழுத்தின் பிழையால், ஒரு கையெழுத்தின் வன்மையால் ஏழையின் வாழ்வு எவ்வாறு சிதையும் என்பதைச் சட்டம் பயிலும் நம் மாணவர் அதிலிருந்து கற்கலாம்.

மற்றொன்று கோபி நயினார் இயக்கி 2017இல் வந்த ‘அறம்’. விண்ணுக்குக் கலம் ஏவும் நாட்டில், ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த ஏழைக் குழந்தையை மேலே தூக்க ஒரு கருவி இல்லையே என்று அப்படம் கேட்டது. ஈராண்டு கழிந்தது. 2019 அக்டோபரில் நம் மாவட்டத்து மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. நாட்கணக்கில் முயன்றும் அக்குழந்தையை உயிருடன் மீட்க இயலவில்லை. படத்தைப் பார்த்துக் கைதட்டிய நாம், அதன்பின் நம் ஊரில் மூடப்படாமல் கிடந்த குழிகளை எண்ணிப் பார்த்தோமா? ஒரு திரைப்படம் எச்சரிக்கலாம். குழியை மூட வேண்டியவர்கள் மனிதர்கள். படம் பார்த்தவர்கள் கூடிப் பேசாமல் கலைந்துவிட்டால் அந்த எச்சரிக்கை வீணாகிவிடுகிறது. கூடிப் பார்க்கவும் கூடிப் பேசவும் ஒரு விழா வேண்டுமென்று நாம் கூறுவது இதனாலேதான்.

விழாக்கள் செய்த பணி

வணிக அரங்கங்கள் ஏற்காத படங்களுக்கு வேறு வாயில் வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டில் முன்பே உணர்ந்தவர்கள் உண்டு. ஆவணப்பட இயக்குநர் ஆர்.பி. அமுதன் 1998 முதல் மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்தத் தொடங்கினார். மதுரைத் தெருவொன்றில் மலம் அள்ளும் ஒரு பெண் தொழிலாளியின் ஒரு நாளை அவர் 2003இல் ‘பீ’ என்னும் படமாக எடுத்தார். 2017இல் திவ்யபாரதி எடுத்த ‘கக்கூஸ்’, மனிதக் கழிவை மனிதரே அள்ளும் கொடுமை சட்டத்தில் தடைசெய்யப்பட்ட பின்னும் தொடர்வதைக் காட்டியது. திரையிடத் தடைகள் எழுந்தபோது அது இணையத்தின் வழியே மக்களிடம் சென்றது.

நீலம் பண்பாட்டு மையம் அண்ணலின் பிறந்த மாதமாகிய ஏப்ரலைத் தலித் வரலாற்று மாதமாகக் கொண்டாடுகிறது. அதன் ஒரு பகுதியாகச் சென்னையில் நடைபெற்ற திரைப்பட விழாவிற்கு அவர்கள் சூட்டிய பெயர் பி.கே. ரோசி திரைப்பட விழா. கேரளத்துத் திரைத்துறைப் பெண்களும் 2019இல் தொடங்கிய திரைப்படச் சங்கத்திற்கு ரோசியின் பெயரையே இட்டனர். கல்லடிபட்டு ஓடிய பெண்ணின் பெயர் இன்று அரங்கின் முகப்பில் எழுதப்படுகிறது. தாமதமாகக் கிடைத்த நீதிதான். ஆனால் அதை வழங்கியது எந்த அரசுமன்று, ஒன்றுகூடிய மக்கள். 2019 பிப்ரவரியில் நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் தலித் திரைப்பட, பண்பாட்டு விழா நடைபெற்றது. அண்ணல் அம்பேத்கர் மாணவராகப் பயின்ற பல்கலைக்கழகம் அது. அவ்விழாவில் ‘காலா’வும் ‘ஃபன்றி’யும் திரையிடப்பட்டன.

சென்னையும் நியூயார்க்கும் நமக்கு எட்டாத் தொலைவென்று எண்ண வேண்டா. தெலுங்கானா மாநிலத்து ஜகீராபாத் பகுதியில் பஸ்தாப்பூர் என்றொரு சிற்றூர் உண்டு. தக்காண வளர்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த தலித் உழவுப் பெண்கள் அங்கே கேமரா இயக்கக் கற்றனர். பள்ளி வாயிலையே காணாதவர்கள் அவர்களுள் பலர். தாங்கள் காக்கும் விதைகளைப் பற்றியும், பருத்தி விளைவித்து நட்டமடைந்த உழவர்களைப் பற்றியும் படங்கள் எடுத்தனர்.

கேமராவை வைக்கும் கோணங்களுக்கு அப்பெண்கள் சூட்டிய பெயர்களை நம் இளைஞர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். மேலிருந்து கீழ்நோக்கி எடுப்பது பட்டேல் பார்வை. நிலக்கிழார் கட்டிலில் அமர்ந்து தரையில் நிற்பவரைக் காண்பது போன்றது. கீழிருந்து மேல்நோக்கி எடுப்பது அடிமைப் பார்வை. கைகட்டி நிற்பவர் ஆண்டையின் முகத்தை அண்ணாந்து காண்பது போன்றது. கண்ணுக்குக் கண் நேராக வைத்து எடுப்பது சங்கப் பார்வை. சங்கக் கூட்டத்தில் எல்லாரும் ஒரே தரையில் அமர்ந்து ஒருவர் முகத்தை மற்றவர் நேராகக் காண்கின்றனர் அல்லவா? அந்தப் பார்வை அது.

நம் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. நூறாண்டுகளாகத் திரை நம்மைப் பட்டேல் பார்வையில் கண்டது. நாமோ நாயகர்களை அடிமைப் பார்வையில் கண்டு பால் ஊற்றினோம். இவ்விரண்டும் கல்விக்குப் பகை என்பதில் மூத்தோர் கூறுவது முற்றிலும் சரி. சங்கப் பார்வையோ கல்வியின் நண்பன். தன்னையும் பிறரையும் நேர்மட்டத்தில் காணக் கற்பிப்பதே நம் சங்கம் 25 ஆண்டுகளாகச் செய்து வரும் பணி.

நம் விழா எவ்வாறு அமைய வேண்டும்?

இவ்விழா ஓர் ஆண்டோடு முடிந்துவிடாமல் ஆண்டுதோறும் நடைபெற வேண்டுமானால் சில நெறிகளை இன்றே வகுத்துக்கொள்வது நலம்.

முதலாவதாக, பாராட்டு வேறு, கண்மூடிப் புகழ்தல் வேறு. நம்மவர் எடுத்தது என்பதற்காகவே ஒரு படம் நல்ல படமாகிவிடாது. குறையுள்ள படத்தை நிறைவானது என்று கூறி நம் இளைஞரை அனுப்பினால், வெளியுலகம் அவரை இரக்கமின்றித் திருத்தும். நாம் அன்போடு திருத்தலாம். “எங்கள் வீட்டில் இப்படிப் பேச மாட்டோம், தம்பி. சோறு வடிக்கும் பெண் அப்படி நிற்க மாட்டாள்” என்று ஒரு தாய் எழுந்து கூறினால், எந்தத் திரைப்படக் கல்லூரியும் தராத பாடம் அது. ஆகவே ஒவ்வொரு படத்தின் முடிவிலும் அரைமணி நேரக் கலந்துரையாடல் கட்டாயம் இருக்க வேண்டும். அதில் முதல் கேள்வி பெண்களிடமிருந்து வரட்டும்.

இரண்டாவதாக, பெயர்ப் பட்டியலின் தொடக்கத்தில் நிற்பவரை மட்டும் மேடையேற்றக் கூடாது. லைட்மேன், ஒலிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், தையற்காரர், சமையற்காரர் எனப் பலர் கைபட்டே ஒரு படம் உருவாகிறது. அவர்களுள் நம்மவர் பலர். திரையுலகில் நெடுங்காலம் நம் இடம் விளக்கின் பின்னால்தான் இருந்தது. அவர்களை மேடைக்கு அழைத்து மாலை சூட்டுவதும் இவ்விழாவின் கடமை.

மூன்றாவதாக, சென்னைக்குச் சென்று உதவி இயக்குநராக உழைக்கும் நம் பிள்ளைகளின் நிலையை எண்ண வேண்டும். மாதக்கணக்கில் ஊதியமின்றி உழைப்பவர் உண்டு. வாடகைக்கு அறை கேட்கும்போது “எந்த ஊர், எந்தத் தெரு” என்று சாதியை நோக்கி நகரும் கேள்விகளை எதிர்கொள்பவர் உண்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஐந்தாண்டுகள் காத்திருக்கலாம். நம் பிள்ளையால் ஐந்து மாதம் காத்திருக்க இயலாது. திறமையின்மையால் திரும்பி வந்தவரைவிடப் பசியால் திரும்பி வந்தவரே மிகுதி என்பது நம் கருத்து. மருத்துவம் படிப்பவருக்கும் பொறியியல் படிப்பவருக்கும் உதவித்தொகை வழங்கும் நம் சங்கம், ஒளிப்பதிவோ படத்தொகுப்போ முறையாகப் பயில விரும்பும் ஒருவருக்கேனும் அதே உதவியை வழங்க வேண்டும். இதை ஒரு கோரிக்கையாகவே இம்மேடையில் வைக்கிறோம்.

நான்காவதாக, மாணவர்களுக்கு ஒரு சொல். கைப்பேசியிலேயே படம் எடுக்கும் காலம் இது. அதனால் படிப்பு வேண்டா என்று எண்ணிவிடாதீர்கள். நீங்கள் போற்றும் இயக்குநர்களின் வாழ்வைப் பாருங்கள். பா. இரஞ்சித் சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர். ‘சேத்துமான்’ பெருமாள்முருகனின் சிறுகதையிலிருந்து பிறந்தது. வாசிக்காதவன் எடுக்கும் படம் பிறர் படத்தின் நகலாகவே முடியும். தேர்வை விட்டுவிட்டுக் கேமராவைத் தூக்குபவரை நம் சங்கம் ஊக்குவிக்காது என்பதையும் தெளிவாகக் கூறிவிடுகிறோம்.

ஐந்தாவதாக, நம் பகுதியில் படமாக்க வேண்டியவை ஏராளம். பொன்மலை இரயில்வே பணிமனையில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள், காவிரிக் கரையில் பிறர் நிலத்தில் நடவு நட்ட பாட்டிமார்கள், பறை இசைத்தவர்கள், விடியுமுன் நகரைத் தூய்மை செய்பவர்கள் ஆகியோரின் நினைவுகள் எந்த ஏட்டிலும் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் அவர்களுள் சிலரை இழந்து வருகிறோம். அவர்கள் பேசட்டும், நீங்கள் பதிவு செய்யுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை. அவர்கள் இசைவு பெறாமல் கருவியை நீட்டாதீர்கள். எடுத்ததை முதலில் அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள். துன்பத்தை மட்டும் படம் பிடித்துச் செல்பவர் வெளியிலிருந்து பலர் வந்தனர். அவர்களின் சிரிப்பையும் தொழில்திறனையும் தன்மானத்தையும் பதிவு செய்ய வீட்டுப் பிள்ளை வேண்டும்.

இறுதியாக, விழா நடத்துவோர் கவனிக்க வேண்டிய நடைமுறைகள் சில. 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி பொது அரங்கில் காட்டப்படும் படத்திற்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் பெறாத படங்களை விழாவில் காட்ட முறைப்படி விலக்குக் கோரலாம். உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான இசைவும் தேவை. நம்மை எதிர்ப்போர்க்கு ஒரு காகிதக் குறையைக் கூட நாம் விட்டுவைக்கக் கூடாது.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். கேரளத்தில் 1984இல் ஒடேசா என்னும் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் ஊர் ஊராகச் சென்று படம் காட்டி, மக்களிடம் சிறு தொகைகளைத் திரட்டி, 1986இல் ‘அம்மா அறியான்’ படத்தை முடித்தனர். மக்கள் காசில் எடுத்த படம் மீண்டும் மக்களிடமே சென்றது. சந்தாக் காசில் கல்வி வளர்த்த நமக்கு அவ்வழி புதிதன்று.

முடிவுரை

பெரியோர்களே, இளைஞர்களே! பிள்ளைகளைச் சினிமா கெடுத்துவிடும் என்ற அச்சத்திற்குக் கொட்டகைக் கதவை மூடுவது மருந்தாகாது. அக்கதவு இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் திறந்தே கிடக்கிறது. தனியே அமர்ந்து விழுங்குவதைக் கூடி அமர்ந்து ஆராய்வதாக மாற்றுவதே மருந்து. ஆராயக் கற்ற பிள்ளை நாயகனுக்குப் பால் ஊற்ற மாட்டான். இக்காட்சியில் நம்மவர் ஏன் இப்படி நிற்கிறார் என்று கேட்பான். கேட்கக் கற்றவன் ஒருநாள் தானே எடுப்பான்.

தரை டிக்கெட்டில் தொடங்கிய நம் பயணம் திரையின் உள்ளே நுழைந்துள்ளது. நம் பாட்டன்மார் இடம் பிடித்துக் கொடுத்தனர். நம் சங்கம் எழுத்தறிவு கொடுத்தது. இனி நேர்மட்டத்தில் காணும் கண்ணை நம் இளைஞர் நமக்குக் கொடுக்கட்டும். சற்று நேரத்தில் விளக்குகள் அணையும்; நம் பிள்ளைகள் எடுத்த படங்கள் தொடங்கும். கண்டு களியுங்கள், குறைகளைத் தயங்காமல் கூறுங்கள், கலந்துரையாடல் முடியும்வரை எவரும் எழுந்து செல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு, விழாவைத் தொடங்கி வைப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்.